விற்காமல் தேங்கும் பூவை என்ன செய்வது: புதிதாகப் பூக்கடை வைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் ஒரு சிறிய பூக்கடையை எடுத்து நடத்தத் தொடங்கிய பின் வந்த முதல் ஆயுதபூஜைக்கு மறுநாள், என் கடையின் பின்கட்டில் நாற்பது கிலோவுக்கு மேல் செண்டுமல்லியும் செவ்வந்தியும் சாக்கில் கிடந்தன. பூஜைக்கு முந்தைய நாள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் போட்டி போட்டு வாங்கிய பூ அது. மறுநாள் அதே சந்தையில் அதை ஏறிட்டுப் பார்க்கவும் ஆளில்லை. காய வைத்து ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற நினைப்பில் சாக்கோடு மொட்டைமாடியில் ஏற்றி வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தபோது பூ உள்ளேயே வெந்து, கறுத்து, நீர் விட்டு நாறிக்கொண்டிருந்தது. பூவுக்குக் கொடுத்த பணம் போனதோடு, அதை அப்புறப்படுத்த வண்டிக்கூலியும் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் பலவிதமாகச் செய்து பார்த்து, பாதிக்கு மேல் கெடுத்து, மீதத்தைக் குறைக்கவும், எஞ்சிய பூவை உலர்த்தித் தூபமும் துணிச்சாயமும் வாசனைப் பையும் ஆக்கவும் ஒருவழியாக ஒரு முறைக்கு வந்திருக்கிறேன். உதிரிப்பூவும் கட்டுப்பூவும் மாலையும் விற்கும் கடைகளுக்காகவே இதை எழுதுகிறேன். பூங்கொத்துக் கடைகளுக்கும் உலர்த்தும் பகுதியும் ஆவணப் பகுதியும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கான்பூரில் கோயில் பூக்களைச் சேகரித்து ஊதுபத்தி செய்யும் ஃபூல் நிறுவனத்தைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு, மீந்த பூவில் பெரும் லாபம் இருப்பதாக நம்பி என்னிடம் வருபவர்கள் உண்டு. அந்த அளவும் முதலீடும் வேறு. ஒரு சிறு கடைக்கு இது இழப்பைக் குறைக்கும் வழி மட்டுமே என்பதைக் கீழே கணக்கோடு காட்டியிருக்கிறேன்.

1. முதல் ஒரு மாதம் மீந்த பூவை நிறுத்து எழுதுங்கள்

தட்டு, அச்சு, பொடி என்று எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இரவு கடை அடைக்கும்போது மீந்த பூவை வகை வகையாக நிறுத்து, தேதியோடும் அன்றைய கொள்முதல் விலையோடும் எழுதுங்கள். அருகில் அன்று முகூர்த்த நாளா, வெள்ளிக்கிழமையா, அமாவாசையா, மழை பெய்ததா என்று ஒரு சொல் குறித்து வையுங்கள்.

என் கடையில் சாதாரண நாளில் நான்கைந்து கிலோ மீந்தது. அதில் பெரும்பங்கு செண்டுமல்லியும் செவ்வந்தியும்தான் என்பதை எழுதிப் பார்த்த பிறகே அறிந்தேன். அதுவரை மல்லிகையில்தான் நட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய், புதன் கிழமைகளில் வாங்கும் அளவைக் குறைத்ததிலேயே மீதம் மூன்று கிலோவாக இறங்கியது. இந்த ஒரு மாதக் கணக்கு, பின்னால் வரும் எல்லாப் பொருள்களையும்விட எனக்கு அதிகப் பணத்தை மிச்சப்படுத்தியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

2. அன்று இரவுக்குள் பூவாகவே விற்கப் பாருங்கள்

பூவைப் பூவாக விற்பதற்கு ஈடான பயன் வேறு எதிலும் கிடையாது. மல்லிகைக்கு இது முழுக்கப் பொருந்தும். விடியற்காலையில் மொட்டாகப் பறித்த மல்லிகை அன்று மாலையிலேயே மலர்ந்துவிடும், மறுநாள் பழுப்பேறும். உலர்த்தினாலும் மணம் நிற்பதில்லை. முல்லையும் பிச்சியும் அப்படியே. ஆகவே இவற்றை உலர்த்துவதில் ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம்.

மல்லிகை தேங்காமல் இருக்கக் கட்டும் நேரத்தைத் தள்ளிப் போடுவதே வழி. காலையில் வாங்கியதை எல்லாம் ஒரே மூச்சில் கட்டக் கொடுத்தால், கட்டுக்கூலியும் சேர்ந்து நட்டமாகும். கட்டிய சரத்தை மீண்டும் உதிர்த்து எதற்கும் பயன்படுத்த முடியாது. பாதியைக் கட்டி, மீதியை ஈரத்துணியும் ஐஸும் வைத்த பெட்டியில் மொட்டாகவே வைத்திருந்து, மாலை நான்கு மணிக்கு விற்பனையைப் பார்த்துக் கட்டுங்கள். எட்டு மணிக்கு மேல் முழத்தின் விலையைக் குறைத்துவிடுங்கள். குறைத்து விற்றால் வாடிக்கையாளர் நாளைக்கும் அதே விலை கேட்பார் என்று பலர் பயமுறுத்துவார்கள். என் அனுபவத்தில் அப்படிக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

செவ்வந்தி, பன்னீர் ரோஜா, சம்பங்கி ஆகியவற்றுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உணவகம், நகைக்கடை, மருத்துவமனை வரவேற்பறை எனப் பல இடங்களில் வாசலில் உருளியில் நீர் நிரப்பிப் பூ மிதக்க விடுகிறார்கள். அவர்களுக்கு நாள்தோறும் அரைக்கிலோ, ஒரு கிலோ தேவைப்படும். முந்தைய நாள் பூவாக இருந்தாலும் நீரில் மிதக்கும்போது குறை தெரியாது. முந்தைய நாள் பூ என்பதைச் சொல்லியே பாதி விலைக்கு மாத ஒப்பந்தம் பேசுங்கள். எனக்கு இப்படி மூன்று இடங்கள் அமைந்ததும், செவ்வந்தியின் மீதம் ஏறக்குறைய நின்றுபோனது. வளைகாப்பு, நலங்கு போன்ற வீட்டு விசேஷங்களுக்குத் தூவுவதற்கு உதிர்த்த இதழாகக் கேட்பவர்களும் உண்டு.

கவனிக்க வேண்டியது ஒன்று: நேற்றுப் பூவை இன்றைய பூவோடு கலந்து கட்டுவது இந்தத் தொழிலில் புதிதன்று. ஆனால் பூ வாங்குபவர் முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், அடுத்த வெள்ளிக்கிழமை எதிர்க்கடையில் நிற்பார்.

சென்ட் தொழிற்சாலை பழைய மல்லிகையை எடுத்துக்கொள்ளும் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கம் மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகளுக்குப் பூ போவது உண்மை. வரத்து மிகுந்து விலை சரியும்போது விவசாயிகளுக்கு அது ஒரு கைத்தாங்கல். ஆனால் அங்கே போவது அன்று பறித்த பூ. கடையில் வாடிய பூவில் அவர்கள் தேடும் வாசனை மிஞ்சியிருக்காது.

3. சேர்க்கக் கூடாத பூக்களை முதலிலேயே ஒதுக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு யாரும் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

அரளி: இலை, பூ, தண்டு என்று எல்லாப் பகுதியும் நஞ்சு, இதயத்தைத் தாக்கக்கூடியது. அதன் புகையும் ஆகாது. எனவே அரளிப்பூ தூபத்தில் ஒரு இதழ்கூடச் சேரக் கூடாது. மாலையில் மற்ற பூக்களோடு சேர்த்துக் கட்டியிருந்தால், பிரித்து எடுக்க மெனக்கெடாமல் அந்த மாலையையே ஒதுக்கிவிடுங்கள். மீந்த பூவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் கூடையில் அரளி கலந்திருந்தால் கால்நடை செத்துப்போகலாம். அரளிக்குத் தனிக்கூடை, அதற்கு ஒரு சிவப்புத்துணி என்று நான் வைத்திருக்கிறேன்.

எருக்கு: விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் எருக்கம்பூ மாலைகள் மீந்துவிடும். அதன் பால் கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு ஏற்படும். கையாளுபவர் கையுறை போட்டு, நேரே குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

சாயமேற்றிய பூ: பச்சை, நீலம் என்று நிறமேற்றிய சம்பங்கியும் செவ்வந்தியும் மாலைகளில் வருகின்றன. எரித்தால் எரிவது சாயமும்தான். மினுக்குத் தூள் தூவிய ரோஜாவும் இந்தக் கணக்கில் சேரும்.

திரும்பி வரும் பூ: துக்க வீட்டிலிருந்தும் கோயிலிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் பூவை எடுத்துக்கொள்ளச் சொல்லி அழைப்பார்கள். சும்மா கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். நீங்கள் செய்த தூபத்தை வாங்குபவர் முதலில் கேட்கும் கேள்வி, “இது சாமிக்குப் போட்ட பூவா, எங்கேயிருந்து எடுத்தது?” என்பதுதான். “எங்கள் கடையில் விற்காமல் நின்ற பூ, யார் மேலும் படாதது” என்று தயங்காமல் சொல்ல முடிந்ததால்தான் என் சரக்கு நகர்ந்தது.

4. உலர்த்துதல்

என் நாற்பது கிலோவை நான் தோற்றது இந்த இடத்தில். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உலர்த்துவதற்கு உகந்தவை செண்டுமல்லி, பன்னீர் ரோஜா, செவ்வந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, மரிக்கொழுந்து. வாடாமல்லி பெயருக்கேற்றபடி நிறம் குன்றாமல் மாதக்கணக்கில் நிற்கும். செண்டுமல்லியில் இதழ்களைத் தாங்கும் பச்சை அடிப்பகுதி நீரைப் பிடித்து வைத்திருக்கும். பூவை முழுதாக உலர்த்தினால் வெளியே காய்ந்து உள்ளே பூசணம் பூக்கும். ஆகவே இதழ்களை உருவி, அடிப்பகுதியை உரக்கூடையில் போட வேண்டும். நார், நூல், ஜரிகை, குண்டூசி எல்லாவற்றையும் இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். பொடி அரைக்கும் இயந்திரத்தில் ஒரு குண்டூசி போனால் மில்காரர் இரண்டாம் முறை உங்களை உள்ளே விடமாட்டார்.

இரண்டுக்கு மூன்றடி அளவுள்ள மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து ஆறு தட்டுகள் செய்துகொண்டேன்; மரமும் கூலியும் சேர்த்துத் தட்டுக்கு 350 ரூபாய் ஆயிற்று. தட்டுகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியிலும் காற்று ஓடும். இதழ்களை ஒரு விரல் கனத்துக்கு மேல் பரப்பக் கூடாது. சாக்கு, பிளாஸ்டிக் விரிப்பு, சிமெண்டுத் தரை மூன்றும் உதவாது. சாக்கு ஈரத்தைப் பிடிக்கும், பிளாஸ்டிக் வியர்க்கும், தரையில் மண் ஒட்டும்.

தூபத்துக்கான இதழை வெயிலில் காய வைக்கலாம். சாயத்துக்கும் வாசனைப் பைக்கும் நிழலில்தான் உலர்த்த வேண்டும். சித்திரை வெயிலில் இரண்டரை நாள், நிழலில் ஐந்தாறு நாள் பிடிக்கும். நாளுக்கு இரண்டு முறை கிளறிவிட்டு, மாலையில் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்த்தும் முயற்சியை நான் கைவிட்டுவிட்டேன். அந்த இரண்டு மாதமும் மீந்தது முழுதும் உரத்துக்கே போகிறது. மின்விசிறியும் ஹீட்டரும் வைத்து உலர்த்திய மாதத்தில் மின்கட்டணம் சரக்கின் விலையைத் தாண்டியது.

காய்ந்ததா என்று பார்க்க, இதழைக் கையில் எடுத்து நசுக்குங்கள். நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் தேவை. பிறகு ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் கண்ணாடியின் உட்புறத்தில் நீர் பூத்திருந்தால் மொத்தத்தையும் மீண்டும் தட்டில் பரப்ப வேண்டும். இந்தப் புட்டிச் சோதனையைச் செய்யாததால், டின்னில் அடைத்து வைத்த என் இரண்டாம் தொகுப்பும் பூசணமாகிப் போயிற்று.

எடைக் குறைவுக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். எட்டுக் கிலோ செண்டுமல்லியில் உருவிய இதழ் ஐந்து கிலோ தேறும். அது காய்ந்தால் அரைக்கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

5. தூபம் செய்தல், அதன் உண்மையான கணக்கு

தொடக்கக்காரர்களுக்கு ஊதுபத்தியைவிட வில்லைத் தூபம் எளிது. குச்சியில் மாவு உருட்டுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். வில்லைக்கு ஓர் அச்சு போதும்.

காய்ந்த இதழைச் சீயக்காய் அரைக்கும் மில்லில் கொடுங்கள். மாவு மில்லில் கொடுத்தால் அடுத்து அரைப்பவரின் மாவில் வாடை ஏறும் என்று மறுப்பார்கள், அது நியாயமும்தான். நான் பயன்படுத்தும் அளவு இது: இதழ்ப்பொடி 500 கிராம், வறட்டிப் பொடி 250 கிராம், பிசினாக ஜிகட் பொடி (ஒட்டும் தன்மையுள்ள மரப்பட்டைத் தூள்) 150 கிராம், சாம்பிராணிப் பொடி 100 கிராம். எல்லாவற்றையும் உலர்வாகச் சலித்துக் கலந்து, தண்ணீரைச் சிறுகச் சிறுகத் தெளித்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, அரைமணி நேரம் ஈரத்துணி போட்டு வைத்து, பிறகு அச்சில் அழுத்தி எடுக்க வேண்டும். வில்லைகளை வெயிலில் வைத்தால் வெடிக்கும். நிழலில் நான்கு நாள் காய வேண்டும்.

ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு வில்லையைக் கொளுத்திப் பாருங்கள். பாதியில் அணைந்தால் ஈரம் இருக்கிறது, அல்லது வறட்டி போதவில்லை. கண் எரிந்தால் இதழ் மிகுதி. மணத்துக்காகக் கடையில் விற்கும் செயற்கை வாசனைத் திரவத்தைச் சேர்க்கலாம் என்பார்கள். நான் சேர்ப்பதில்லை, வெட்டிவேர்ப் பொடி ஒரு கைப்பிடி போடுகிறேன். பூவின் மணம் தூபத்தில் வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எரியும் செண்டுமல்லி எரியும் சருகைப் போலத்தான் மணக்கும். சாம்பிராணியும் வெட்டிவேருமே மூக்குக்கு எட்டுபவை.

இப்போது கணக்கு. மேற்சொன்ன ஒரு கிலோ கலவையில் ஏறக்குறைய 400 வில்லைகள், அதாவது இருபது வில்லைகள் கொண்ட இருபது பெட்டிகள் கிடைக்கும். ஜிகட் 24 ரூபாய், சாம்பிராணி 40, வறட்டி 10, அரைவைக் கூலி 20, அட்டைப்பெட்டியும் ஒட்டுத்தாளும் 120, ஆக 214 ரூபாய். நான்கு மணிநேர வேலைக்கு 250 ரூபாய் கூலி வைத்தால் மொத்தம் 464. பெட்டி 40 ரூபாய்க்கு எல்லாம் விற்றால் 800. கையில் நிற்பது 336 ரூபாய். இதற்குப் போன எட்டுக் கிலோ பூவைக் கிலோ 60 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அதன் அடக்கம் 480. ஆக, பூவின் விலையில் பத்தில் ஏழு பங்கு திரும்புகிறது. அதுவும் ஒரு பெட்டி விடாமல் விற்றால்.

தூபத்துக்கென்று ஒரு கிலோ பூவைக்கூடக் கூடுதலாக வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் தூபம் நன்றாகப் போகிறது என்று மகிழ்ந்து, சந்தையில் பூ மலிவாக இருந்த நாளில் மூட்டை மூட்டையாக வாங்கி உலர்த்தினார். மூன்று மாதம் கழித்து வீடு முழுக்க டின்கள் இருந்தன.

6. துணிச்சாயமும் வாசனைப் பையும்

செண்டுமல்லி இதழ் நல்ல மஞ்சள் தரும். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு ஒரு கிலோ காய்ந்த இதழ் என்பது நான் பின்பற்றும் அளவு. துணியைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசி, 150 கிராம் கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிறகு 150 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணிநேரம் போட வேண்டும். இந்த இரண்டையும் தவிர்த்தால் சாயம் முதல் சலவையிலேயே இறங்கிவிடும். இதழை ஒரு மணிநேரம் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரில் துணியை முக்கால் மணிநேரம் இளஞ்சூட்டில் வைத்து, அந்த நீரிலேயே ஆறவிடுங்கள். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறவைத்து எடுத்த நீரில், சாயமேறிய துணியை ஒரு முக்கு முக்கினால் மஞ்சள் பாசிப்பச்சையாக மாறும். கலம்காரித் துணியில் கறுப்பு வருவதும் இதே இரும்பு நீரால்தான்.

சாயப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. வெயிலில் தொடர்ந்து கிடந்தால் இந்த மஞ்சள் மங்கும் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். கைக்குட்டை, பூஜைத் துணி, பரிசுப் பை போன்ற சிறு துணிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சேலைக்கு இறங்கினால் நிறம் ஒரே சீராக ஏறாது.

வாசனைப் பை மிக எளிது. காய்ந்த ரோஜா இதழ், மரிக்கொழுந்து, வெட்டிவேர்த் துண்டு ஆகியவற்றை மல்துணிப் பையில் கட்டினால் பீரோவில் வைக்க உதவும். இரண்டு மூன்று மாதம் மணக்கும். நவராத்திரி தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க மொத்தமாக வாங்குகிறார்கள்.

7. உணவும் அழகுப்பொருளும் வேண்டாம்

குல்கந்து, பன்னீர், நலங்குமாவு, தலைக்கு எண்ணெய் என்று அடுத்தடுத்து யோசனை தோன்றும். சந்தைப் பூ உண்பதற்காக வளர்த்த பூ அன்று. பூச்சிமருந்து அடித்து எத்தனை நாளில் பறித்தார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. கழுவினால் போய்விடும் என்று நம்பி அதில் குல்கந்து கிளறுவது பிறர் வயிற்றோடு விளையாடுவது. உணவுப்பொருளாக விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை. முகத்திலும் தலையிலும் பூசும் பொருளைத் தயாரித்து விற்பதற்கு 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். அது வீட்டுச் சமையலறையில் கிடைக்கக்கூடியதன்று. நாட்டுமருந்துக் கடைக்காரர் காய்ந்த பன்னீர் ரோஜா கேட்டாலும், மருந்தடிக்காத பூவா என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

8. ஆவணங்கள்: எது தேவை, எவ்வளவு செலவு, எத்தனை நாள்

பூவை விற்கும்வரை உங்களிடம் உள்ளாட்சியின் தொழில் உரிமம் இருந்தால் போதும். பெட்டியில் அடைத்து விலை அச்சிட்ட நாள் முதல் நிலைமை மாறுகிறது. நான் அலைந்த வரிசையை விட்டுவிட்டு, அலைந்திருக்க வேண்டிய வரிசையைத் தருகிறேன்.

முதலில் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு. ஆதார் எண்ணும் பான் எண்ணும் ஆதாரோடு இணைந்த கைபேசியும் இருந்தால் அரைமணி நேரத்தில் முடியும். எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது. இதை அறியாமல், தேடலில் முதலில் வந்த ஓர் இணையதளத்தில் 1,500 ரூபாய் கட்டினேன். அரசுச் சின்னம் போலவே ஒன்றை முகப்பில் வைத்திருந்தார்கள். இணைய முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு விவரங்களை நிரப்புங்கள். செய்யும் பொருளைப் பதிவில் குறிக்கும்போது பூ விற்பனையோடு தூபம் தயாரிப்பையும் சேர்த்துவிடுங்கள். நான் பிற்பாடு திருத்த வேண்டியதாயிற்று.

இரண்டாவது, தொழில் உரிமம். வீட்டிலோ கடையின் பின்கட்டிலோ தயாரிப்பதானால், உங்கள் உரிமம் அதற்கும் செல்லுமா என்று மாநகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். வாடகை இடமென்றால் உரிமையாளரின் இசைவுக் கடிதமும் வாடகை ஒப்பந்தமும் சொத்துவரி ரசீதின் நகலும் கேட்பார்கள். எனக்கு அதிக நாள் பிடித்தது உரிமையாளரிடம் அந்த ரசீதை வாங்குவதற்குத்தான்.

மூன்றாவது, பொட்டலமிடுபவர் பதிவு. பலருக்கும் இது தெரியாது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி, பொருளைப் பொட்டலமிட்டு விற்பவர் தொடங்கிய 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை என்பதால் விண்ணப்பம் அங்கே போகிறது. நான் முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் இரண்டு நாள் காத்திருந்து, இது எங்கள் வேலையில்லை என்ற பதிலோடு திரும்பினேன்.

பெட்டியின் மேல் அச்சிட வேண்டியவற்றை அச்சகத்துக்குப் போகும் முன்பே சரிபாருங்கள். தயாரிப்பவர் பெயரும் முழு முகவரியும், பொருளின் பெயர், எண்ணிக்கை அல்லது நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, ஓர் அலகின் (ஒரு வில்லையின் அல்லது ஒரு கிராமின்) விலை, குறை சொல்வதற்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் வேண்டும். என் முதல் ஆயிரம் பெட்டிகளில் மாதம் அச்சிட இடம் விடவில்லை. அவற்றின் மேல் ரப்பர் முத்திரை குத்தியே ஒரு வாரம் போயிற்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், உறையை அட்டையிலோ துணியிலோ செய்துகொள்ளுங்கள்.

நான்காவது, ஜிஎஸ்டி. புதுப்பூவுக்கு வரி கிடையாது. தூபத்துக்கும் சாம்பிராணிக்கும் 5 சதவீதம். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாமல், பொருள்களை மட்டும் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கும்வரை பதிவு கட்டாயமில்லை. பெங்களூருவில் இருக்கும் உறவினர் கடைக்குப் பத்துப் பெட்டி அனுப்பினாலும் வேறு மாநில விற்பனை என்று ஆகிவிடும். அந்த வரம்பு பிறகு உங்களைக் காக்காது. பூ விற்பனைக்கும் தூப விற்பனைக்கும் முதல் நாளிலிருந்தே தனித்தனிக் கணக்கு எழுதுங்கள்.

எல்லாம் முடிய எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. வரிசையாகச் செய்தால் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம். அதிகாரப்பூர்வக் கட்டணங்கள் மிகக் குறைவு; நகல், பயணம், அச்சு மாற்றியது எல்லாம் சேர்ந்துதான் நாலாயிரம் ரூபாயை நெருங்கியது.

9. எஞ்சியதை மட்கச் செய்யுங்கள்

மூடியுள்ள நூறு லிட்டர் பீப்பாயில் பக்கவாட்டில் துளையிட்டு, இரண்டு பங்கு பூவுக்கு ஒரு பங்கு காய்ந்த சருகு என்று மாற்றி மாற்றி அடுக்கி, சாணிக் கரைசல் தெளித்து வாருங்கள். பூ மட்டும் போட்டால் சேறாகி நாறும். ஐந்து நாளுக்கு ஒருமுறை கிளறினால் ஐம்பது, அறுபது நாளில் உரம் தயார். வாழைநார் மட்குவதற்கு அதிக நாளாகும், நைலான் நூல் மட்கவே மட்காது. முடிந்தவரை வாழைநாரிலேயே கட்டுவது இதற்கும் வசதி. நான் இந்த உரத்தை விற்பதில்லை. வீட்டில் தொட்டி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு பை கொடுக்கிறேன். அதற்காகவே வந்து பூ வாங்குபவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

10. நாட்காட்டியைப் பார்த்து வேலையை அடுக்குங்கள்

தூபமும் வாசனைப் பையும் நவராத்திரிக்கும் கார்த்திகைக்கும் முன்னால்தான் வேகமாகப் போகும். அந்தச் சரக்குக்கான இதழ் சித்திரை முதல் ஆவணி வரை உலர்ந்து டின்னில் இருக்க வேண்டும். முகூர்த்தமில்லாத ஆடியில் கடையில் கை ஓய்வாக இருக்கும். அச்சு வேலையை அப்போது வைத்துக்கொள்ளலாம். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் குழுக்களின் பொருள்களுக்காக அரசு நடத்தும் “மதி” விற்பனைக் கண்காட்சிகளில் இடம் கேட்கலாம். நான் பெரும்பாலும் கடையின் முன்மேசையிலேயே விற்கிறேன். மல்லிகை வாங்க வருபவர் கையில் ஒரு பெட்டி சேர்ந்து போகிறது.

ஆயுதபூஜைக்கு மறுநாள் மட்டும் இன்றுவரை சிக்கல்தான். அந்த வாரத்தில் மழை வந்துவிட்டால் ஆறு தட்டு எதற்கும் காணாது. பக்கத்துத் தெருவில் அப்பளம் போடுபவரிடம் அவருடைய காயப்போடும் கொட்டகையை இரண்டு நாளுக்கு வாடகை பேசி வைத்திருக்கிறேன். நாளுக்கு 300 ரூபாய். புரட்டாசி பிறந்ததும் முன்பணம் கொடுத்துவிட வேண்டும். பூஜை வாரத்தில் போய்க் கேட்டால் கொட்டகை கிடைக்காது.